முதலில் பூட்டை மாற்று

சேலம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிடும். எனக்கும் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் காகிதம். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்து புரியாத இடத்தில் கேள்.

உன் அப்பனிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. சொன்னால் இன்றைக்கு ராத்திரியே ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் உன் வீட்டு வாசலில் நிற்பான். உன்னையும் பெட்டி படுக்கையையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டுத்தான் மறு பேச்சு. நீ சரியென்றால் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நீ கேட்டது இரண்டு. ஓனர் வேலைக்கு வைத்திருக்கும் ஆள் ஜெயிலுக்குப் போய்வந்தவர் என்று இப்போது தெரிந்துவிட்டது, வீட்டைக் காலி செய்யட்டுமா? இல்லை, மற்ற வீட்டுக்காரர்கள் சொல்வதுபோல எல்லோரும் கையெழுத்துப் போட்டு அவரை அனுப்பச் சொல்லட்டுமா? இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீ போகிற போக்கில் சொன்ன ஒன்றுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஆறு வீட்டு மாற்றுச் சாவியும் கீழே மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது, எந்த வீட்டுச் சாவி என்று நெயில் பாலிஷில் எண் வேறு எழுதியிருக்கிறது என்றாய். குழாய் சொட்டுகிறது என்று ஓனரிடம் சொன்னாய். மறுநாள் நீ ஆபீஸிலிருந்து வந்தபோது குழாய் சரியாகியிருந்தது, பாத்ரூம் தரை கழுவியிருந்தது, கொடியில் காய்ந்த உன் துணி மடித்துக் கட்டில்மேல் இருந்தது.

ஏன் பாப்பா, இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாயே!

மடித்தவர் நல்லெண்ணத்தில்கூட மடித்திருக்கலாம். தண்ணீர் தெறித்துவிடும் என்று எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் நீ இல்லாத நேரத்தில், உனக்குச் சொல்லாமல், ஒரு ஆண்பிள்ளை உன் அறைக்குள் போய் உன் உள்ளாடை வரைக்கும் தொட்டிருக்கிறார். அவர் புழல் சிறையிலிருந்து வந்திருந்தாலும் ஒன்றுதான், பழனிக்குப் பாதயாத்திரை போய் வந்திருந்தாலும் ஒன்றுதான். உனக்கு வயிற்றைக் கலக்கியது நியாயம். "நீ ரொம்ப யோசிக்கிற" என்று உன் அறைத்தோழி சொன்னாளாமே, அதைக் காதில் வாங்காதே.

அதனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். பூட்டுக்காரரைக் கூப்பிட்டு வாசல் கதவுப் பூட்டை மாற்று. உட்பக்கம் நல்ல கொண்டி ஒன்றும், கதவில் ஆள் பார்க்கிற கண்ணாடியும் போடச் சொல். பழைய பூட்டைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வை, காலி செய்யும்போது அதையே மாட்டிக் கொடுத்துவிடலாம். மாற்றுவதற்கு முன்னால் ஓனருக்கு ஒரு மெசேஜ் போடு: "பாதுகாப்புக்காகப் பூட்டை மாற்றுகிறேன், செலவு என்னுடையது." மறுத்தால் என்ன காரணம் என்று எழுத்தில் கேள். அவசரத்துக்கு ஒரு சாவி தன்னிடம் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னால், அதுவும் தப்பில்லை. தீ, தண்ணீர் என்று ஏதாவது வரலாம். ஒரு சாவியைக் கவரில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, அவர் கையில் கொடு. அவர் வீட்டு பீரோவில் இருக்கட்டும். ஆணியில் தொங்கக் கூடாது.

சட்டமும் உன் பக்கம்தான். 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இருக்கிறதே, அதன்படி ரிப்பேர் பார்க்கவோ வீட்டைப் பார்வையிடவோ ஓனர் உள்ளே வர வேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும். வாடகை வாங்கிவிட்ட பிறகு சுவர் அவருடையது, உள்ளே இருக்கும் வாழ்க்கை உன்னுடையது. உன் ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல். பெரும்பாலும் செய்திருக்க மாட்டார்கள், பதினோரு மாசத்துக்கு ஒரு ஸ்டாம்ப் பேப்பர்தான் இருக்கும். இருந்தாலும் எழுதிக் கேட்கிற உரிமை போய்விடாது.

சரி, இனி அந்த ஆள் விஷயம்.

நீ சொன்னதைக் கோத்துப் பார்த்தேன். இஸ்திரி போடும் அக்கா கொலைக் கேஸ் என்கிறார். கீழ்வீட்டு அம்மாள் நகைத் திருட்டு என்கிறார். ஓனரோ, "ஏதோ அடிதடிம்மா, அதெல்லாம் பழைய கதை, இப்ப நல்லவன், நான் கேரண்டி" என்கிறார். மூன்று பேர் சொன்னதும் மூன்று விதம். இதில் ஒன்றை நம்பி ஒரு ஆளின் பிழைப்பை எடுக்கவும் முடியாது, உன் பாதுகாப்பை ஒப்படைக்கவும் முடியாது.

நான் நன்னடத்தை அலுவலராக இருந்தவள், இந்தக் கூட்டத்தோடுதான் என் உத்தியோகம் முழுக்க ஓடியது. அதனால் சொல்கிறேன். "ஜெயிலுக்குப் போய்வந்தவர்" என்ற பேச்சுக்குள் ஏகப்பட்ட சங்கதி அடங்கியிருக்கிறது. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் குற்றவாளி என்று எந்தக் கோர்ட்டும் இன்னும் சொல்லாதவர்கள். ஜாமீனுக்கு ஆள் கிடைக்காமல் மாசக்கணக்கில் கிடந்து, பிறகு கேஸே நிற்காமல் வெளியே வருபவர்கள் உண்டு. ஊரைப் பொறுத்தவரை அவனும் "உள்ளே போனவன்"தான். சந்தேகக் கேஸில் அள்ளிக்கொண்டு போன குறவர் வீட்டுப் பையன்களை நான் எத்தனை பேர் பார்த்திருப்பேன். இன்னொரு பக்கம், நிஜமாகவே கொடுமை செய்துவிட்டு, சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையாகி, சட்டையை மடித்து விட்டுக்கொண்டு நடக்கிறவனும் உண்டு. அவனுக்குத் தண்டனைப் பதிவே கிடையாது.

எனவே போய்வந்தாரா என்பதோடு நிற்காமல் நாலு விஷயம் தெரிந்தாக வேண்டும். என்ன கேஸ். தண்டனை ஆனதா, விசாரணையா. எப்போது. வெளியே வந்த பிறகு எங்கே இருந்தார், என்ன செய்தார். இதை ஓனர்தான் சொல்ல வேண்டும், உனக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. கேட்பது அவமரியாதை என்று அவர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

கேஸ் என்ன என்பதைவிட அந்தக் கேஸும் இந்த வேலையும் எங்கே உரசுகின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு பையனைச் சொல்கிறேன். வெள்ளையடிக்கப் போன வீட்டில் பீரோ திறந்திருந்தது, செயினை எடுத்துவிட்டான். முதல் தப்பு. நன்னடத்தைச் சட்டம் என்று 1958-இல் வந்த ஒன்று இருக்கிறது; 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் கூடியவரை சிறைக்கு அனுப்பாதே என்று அது சொல்கிறது. பத்திரம் எழுதி வாங்கி என் கண்காணிப்பில் விட்டார்கள். அப்படி விடப்பட்டவனுக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பும் கிடையாது என்று அதே சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்லும். அவனுக்குத் தெரிந்தது பெயிண்ட் வேலைதான், மறுபடி அதற்கே போகிறேன் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை எத்தனை இருக்கிறது, அங்கேயும் விடவில்லை. அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் எதையும் மறைக்காமல் சொல்லிச் சேர்த்துவிட்டேன். "இங்க திருடறதுக்கு இரும்புத் தூளு தாங்க இருக்குது" என்று அவர் சிரித்தார். அந்தப் பையன் இன்றைக்குச் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான்.

இன்னொருவர் ஆயுள் தண்டனை. வரப்புத் தகராறில் பங்காளியை வெட்டியவர். நம் பக்கத்து ஆயுள் கைதிகளில் இந்த ரகம்தான் நிறைய. ஒரு நாள், ஒரு கோபம், ஒரு கொடுவாள், அதோடு வாழ்க்கை முடிந்தது. அண்ணா பிறந்தநாள் முன்விடுதலையில் வெளியே வந்தார். பிறகு ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன். பெண் வீட்டார் நகை கழற்றி வைக்கிற அறைச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். ஒரு குண்டுமணி காணாமல் போனதாகப் பேச்சில்லை. கொலை என்றதும் நமக்குக் கை நடுங்குகிறது. ஆனால் உன் வீட்டுச் சாவிக்கு அவரைவிட அந்தச் செயின் எடுத்த பையன்தான் ஆபத்து.

பெண்கள் விஷயத்தில் கேஸ் உள்ளவர் என்றால் எனக்கு இரண்டாம் பேச்சே கிடையாது. தண்டனை முடிந்திருக்கட்டும், திருந்தியே இருக்கட்டும், வேறெங்காவது பிழைக்கட்டும். பெண்கள் குடியிருக்கிற வீட்டுச் சாவி பக்கம் வரக் கூடாது. வாரி வழங்குவது ஓனர் பாடு, அதற்கு உன் கதவைக் கேட்கக் கூடாது.

ஆனால் ஒன்று. பதிவில்லாத ஆள் என்றால் நிம்மதி என்று நினைத்துவிடாதே. இந்தியாவில் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100-க்கு 90-க்கும் மேல் தெரிந்தவர்தான் குற்றம் சாட்டப்பட்டவர் என்று குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் அச்சடிக்கிறது. அயனாவரம் வழக்கு உனக்கு ஞாபகம் இருக்கும், 2018-இல் நீ காலேஜில் இருந்தாய். செவித்திறன் குறைந்த 11 வயதுக் குழந்தை. அந்த அடுக்குமாடி வளாகத்திலேயே வேலை பார்த்த காவலாளி, லிஃப்ட் ஆள், பிளம்பர் என்று 17 பேரைப் பிடித்தார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை. மாசக்கணக்கில் நடந்திருக்கிறது, வளாகம் முழுக்கக் குடும்பங்கள் குடியிருக்கிறபோதே. யார் எந்த இடத்துக்கு எப்போது போகிறார்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. என்னைக் கேட்டால் அந்த வழக்கில் ஒவ்வொரு குடியிருப்பும் படிக்க வேண்டியது இதைத்தான்.

அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலும் இப்படி ஒன்று. 2021 செப்டம்பரில் ஆர்லாண்டோ நகரில் மியா மார்கானோ என்ற 19 வயது மாணவி கொல்லப்பட்டாள். சந்தேகப்பட்ட ஆள் அவள் குடியிருந்த அடுக்ககத்திலேயே பராமரிப்பு வேலை பார்த்தவன். அவன் கையில் எல்லா வீட்டையும் திறக்கிற மாஸ்டர் சாவி. அவள் காணாமல் போன அன்று அதை வைத்துத்தான் அவள் வீட்டுக்குள் போயிருக்கிறான் என்று கண்டுபிடித்தார்கள். அவளைத் தேடிக்கொண்டிருந்தபோதே அவன் தற்கொலை செய்துகொண்டான். இதில் கவனி: வேலைக்கு எடுக்கும்போது பின்னணி விசாரித்துத்தான் எடுத்தோம், அதில் ஒன்றும் வரவில்லை என்று அந்த நிர்வாகம் சொன்னது. மறு வருஷம் அவள் பெயரிலேயே அங்கே சட்டம் வந்தது. அடுக்ககங்களில் வேலைக்கு வருகிறவர்களின் குற்றப் பின்னணியைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதோடு நிற்கவில்லை. எந்தச் சாவி யாரிடம் எப்போது போனது, எப்போது திரும்பியது என்று பதிவேடு வைக்க வேண்டும், ரிப்பேருக்கு வருவதை 12 மணி நேரத்துக்கு முன்னால் சொன்னது போதாது, 24 மணி நேரம் வேண்டும் என்றது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கக் கூடியது இந்தப் பின்பாதிதான். நம் ஊரில் அந்தப் பதிவேடு ஒரு நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான் செலவு.

நம் ஊர் வேடிக்கையைப் பார். 2012-இல் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைக்காரர்கள் என்று ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்ற பிறகு, வாடகைக்கு வருகிறவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னையில் உத்தரவு போட்டார்கள். நீ வீடு பிடித்தபோது உன் ஆதார், போட்டோ, ஆபீஸ் அடையாள அட்டை, அப்பா போன் நம்பர் எல்லாம் வாங்கிக்கொண்டார்களே. உன்னைப் பற்றி ஓனருக்கு எல்லாம் தெரிய வேண்டும். உன் வீட்டைத் திறக்கிற ஆளைப் பற்றி உனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இஸ்திரி அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

தனியார் காவல் நிறுவனங்களுக்கு 2005-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ் வேண்டும், ஆளின் நடத்தையை விசாரித்துத்தான் எடுக்க வேண்டும், கோர்ட்டில் தண்டனை ஆனவரைக் காவலாளியாக வைக்கவே கூடாது. எந்தக் கேஸ், எத்தனை வருஷத்துக்கு முந்தையது என்ற கணக்கே இல்லாமல் மொத்தமாகக் கதவைச் சாத்துகிற அந்தப் பிரிவு எனக்குப் பிடிக்காது. இருந்தாலும் ஒரு வரையறை. உன் ஓனர் நிறுவனம் மூலம் போகாமல் நேராக ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டார், அதனால் இந்த வரையறை கிட்டேயே வராது. மோட்டார் போட, குப்பை எடுக்க, குழாய் பார்க்க, ராத்திரி கேட்டைச் சாத்த எல்லாவற்றுக்கும் ஒரே ஆள். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, மாசம் 8,000 என்றாயே. வேறெங்கும் போக வழியில்லாத ஆள் என்பதால்தான் அந்தக் காசுக்கு வேலை பார்க்கிறார். "ஒருத்தனுக்கு வாழ்வு கொடுத்தேன்" என்று ஓனர் சொன்னதில் பாதி உண்மை இருக்கும். மீதிப் பாதி அவருடைய பர்ஸ்.

நிஜமாகவே வாழ்வு கொடுக்கிறவர் என்ன செய்வார் தெரியுமா? அந்த ஆளை யாரும் சந்தேகப்பட வழியில்லாதபடி வேலையை அமைத்துக் கொடுப்பார். ஆறு வீட்டுச் சாவியையும் அவர் பொறுப்பில் தொங்கவிட்டால், நாளைக்கு உன் அறைத்தோழியின் மோதிரம் சோபா இடுக்கில் விழுந்து காணாமல் போனால்கூட முதலில் அவர் கன்னத்தில்தான் அறை விழும். போலீஸும் அவரைத்தான் இழுத்துக்கொண்டு போகும். நீ பூட்டை மாற்றுவது அவருக்கும் பாதுகாப்பு. இதை ஓனரிடம் இப்படியே சொல், அவருக்கும் கௌரவமாக இருக்கும்.

புழல் சிறைப் பக்கம் பெண் கைதிகளே நடத்துகிற பெட்ரோல் பங்க் ஒன்றை 2023-இல் திறந்தார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் பயமில்லாமல் போய் எண்ணெய் போட்டுக்கொண்டு வருகிறார்கள். காசு அவர்கள் கையில்தான் புழங்குகிறது. அங்கே அது சரியாக நடப்பது ஏன்? வெட்டவெளி, கணக்கு உண்டு, மேற்பார்வை உண்டு. உன் ஓனர் வீட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

ஆகவே அந்தக் கையெழுத்து மனுவில் நீ போடாதே. "ஜெயிலுக்குப் போனவர், எடுத்துவிடுங்கள்" என்று ஒற்றை வரியில் எழுதினால், ஓனர் இவரை அனுப்பிவிட்டு அடுத்த வாரம் விலாசமே இல்லாத இன்னொருவரைக் கொண்டுவந்து வைப்பார். சாவி அதே ஆணியில் தொங்கும். குரூப்பில் யாரோ அவர் போட்டோவைப் போட்டு "உஷார்" என்று எழுதியிருக்கிறார்கள் என்றாயே, அதை எடுக்கச் சொல். அவருக்கும் ஊரில் பிள்ளைகள் இருக்கும். தவிர, கேஸ் என்னவென்றே தெரியாமல் எழுதினால் அவதூறு என்று உங்கள் பக்கமே திரும்பும்.

மனுவுக்குப் பதிலாக இதை அனுப்பு. உன் வார்த்தையில் மாற்றிக்கொள்:

"ஐயா, வணக்கம். எங்கள் வீட்டுச் சாவிகள் பொது இடத்தில் இருப்பதும், நாங்கள் இல்லாதபோது முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டைத் திறந்து வேலை செய்வதும் எங்களுக்குப் பாதுகாப்பாக இல்லை. இனி ரிப்பேர் வேலைக்கு ஒரு நாள் முன்னால் தெரிவியுங்கள். எங்களில் ஒருவர் இருக்கும்போது மட்டும் நடக்கட்டும். மாற்றுச் சாவிகள் உங்கள் வீட்டில், உங்கள் பொறுப்பில் இருக்கட்டும். யார் எடுத்தாலும் நோட்டில் எழுதட்டும். கட்டடத்தில் வேலை பார்ப்பவர்களின் பெயர், விலாசம் எங்களுக்குத் தெரிய வேண்டும். காவல்துறை இணையதளம் மூலம் சரிபார்ப்புச் செய்து, பெண்களுக்கு எதிரான வழக்கோ வீடு புகுந்த வழக்கோ இல்லை என்று எங்களுக்கு எழுத்தில் உறுதி சொல்லுங்கள். நாங்கள் யாரையும் வேலையிலிருந்து நீக்கச் சொல்லவில்லை."

அந்தச் சரிபார்ப்பு வசதி தமிழ்நாடு காவல்துறை தளத்திலேயே இருக்கிறது. வீட்டு வேலையாள், வேலைக்கு எடுக்கும் ஆள், வாடகைதாரர் என்று தனித்தனியாகக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். ஓனர்தான் செய்ய வேண்டும், அந்த ஆளிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். அதில் பழைய கேஸ் தெரியும். இன்றைய நடத்தை தெரியாது. அதை நீதான் கவனிக்க வேண்டும்.

என்ன கவனிப்பது என்று கேட்பாய். வேலை இல்லாமல் உன் மாடியில் நிற்கிறாரா. நீ வருகிற, போகிற நேரத்தைக் கேட்கிறாரா. தனியாக இருக்கும்போது கதவைத் தட்ட ஒரு சாக்கு வைத்திருக்கிறாரா. வேண்டாம் என்று நீ சொன்னதை ஒரு தடவையில் ஏற்றுக்கொள்கிறாரா. இது அவருக்கு மட்டுமில்லை; தண்ணீர் கேன் போடுகிறவர், கேபிள்காரர், ஓனருடைய மச்சான் எல்லோருக்கும் இதே அளவுகோல். முன்பு நம் தெருவில் ஒரு நர்ஸ் வாடகைக்கு இருந்தாள். ஓனரின் தம்பி ஜன்னல் ஓரத்தில் வந்து வந்து நிற்பான். கௌரவமான குடும்பம், அவன் பேரில் ஒரு பெட்டி கேஸ்கூடக் கிடையாது. அந்தப் பெண்தான் கடைசியில் வீட்டைக் காலி செய்தாள். இன்றைக்கு அதற்குச் சட்டம் இருக்கிறது: பின்தொடர்வது, ஒளிந்து பார்ப்பது இரண்டும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 78, 77-ஆவது பிரிவுகள். அப்படி ஏதாவது நடந்தால் ஓனரிடம் நியாயம் பேசிக்கொண்டிருக்காதே. 112-ஐக் கூப்பிடு. ஆலோசனைக்கு 181 இருக்கிறது. நாள், நேரம் போட்டு எழுதி வை.

அந்த மனிதரிடம் எப்படி நடந்துகொள்வது என்றும் தயங்கினாய். எப்போதும்போல. "அண்ணா, இனிமே வேலை இருந்தா நான் இருக்கும்போது வாங்க, துணி எதையும் தொட வேண்டாம்" என்று முகத்தைப் பார்த்துச் சொல். சிரிக்கவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். ஒழுங்கான ஆளாக இருந்தால் அதோடு சரியென்பார். சொன்ன பிறகும் அதே வேலையைச் செய்தால், அவர் கேஸ் என்னவென்று விசாரிக்கக்கூட வேண்டியதில்லை. அன்றைக்கே ஓனரிடம் எடுக்கச் சொல், அப்போது மனுவில் முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும்.

இப்போது காலி செய்வதா என்ற கேள்வி. ஓனருக்கு ஒரு வாரம் கொடு. சாவியைத் தன் வீட்டுக்குள் எடுத்து வைத்து, கேட்டதற்குப் பதில் சொன்னால், அந்த வீட்டிலேயே இரு. ஆபீஸும் பக்கம், தண்ணீரும் இருக்கிறது. "நான் கேரண்டி" என்றே பாடிக்கொண்டிருந்தால் கிளம்பு. கேஸ் விவரம் சொல்ல மறுத்தாலும் கிளம்பு. பெண்கள் விஷயத்தில் கேஸ் என்று தெரிந்து, அவரையே சாவி வேலையில் வைத்திருந்தால் அன்று ராத்திரியே உன் தோழி வீட்டுக்குப் போ, சாமான் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அட்வான்ஸ் பணத்தைப் பிடித்துக்கொள்வார் என்று பயப்படாதே. நான் வந்து உட்கார்ந்து பேசுகிறேன். ரிட்டயர் ஆனாலும் என் குரல் ரிட்டயர் ஆகவில்லை.

பொடி வகை எல்லாம் அரைத்து வைத்திருக்கிறேன், யாராவது சென்னைப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். பூட்டு மாற்றியதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. ஓனர் என்ன பதில் எழுதினாலும், ஒரு எழுத்து விடாமல் அப்படியே எனக்கு அனுப்பு கண்ணு.

அன்புடன்,
உன் அத்தை